பறவைக் கணக்கும் புல எண்ணும்



சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அந்த ஏற்பு கிடைத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் ஆணை பிறப்பித்தது. சதுப்புநிலத்தின் தாக்கப் பகுதி எது என்று அறிவியல் முறையில் வரையறுத்து முடிக்கும் வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள், கட்டுநர்கள், அனுமதி தரும் அதிகாரிகள், குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைகள் என எல்லோருடைய நிலையும் ஓர் ஆய்வறிக்கையை நம்பி நிற்க வேண்டி வந்தது. நகரத்துப் பல்லுயிரைக் காப்பதில் ஆய்வுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டை நான் காட்ட முடியாது. இந்த உரையில் நான் முன்வைக்கும் வாதமும் இங்கிருந்தே பிறக்கிறது. நகரம் எந்த அளவில், எந்த வடிவில் முடிவெடுக்கிறதோ அந்த அளவிலும் வடிவிலும் ஆய்வு அமைய வேண்டும். முடிவு எடுக்கப்படும் நாளுக்கு முன்பே அது எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். அப்படி அமையாத ஆய்வு எவ்வளவு சிறந்ததாயினும், இழந்ததைப் பற்றிய ஆவணமாக மட்டும் எஞ்சிவிடும்.

நம்மிடம் ஆய்வு மரபே இல்லை என்று சொன்னால் அது முன்னோர்க்குச் செய்யும் நன்றிக்கேடு. சென்னை நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளரும் பூக்கும் தாவரங்களைத் தொகுத்து பி. வி. மயூரநாதன் எழுதிய நூலை அரசு அருங்காட்சியகம் 1929-இல் வெளியிட்டது. அதன் திருத்திய பதிப்பு 1994-இல் வந்தது. ஒரு நகரத்தின் தாவரங்களைப் பற்றி அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முழுப் பதிவுகள் இருப்பது பெரும்பேறு. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் உறுப்பினர்கள் அடையாற்று முகத்துவாரம் முதல் பழவேற்காடு வரை பறவைகளைக் குறித்து வைத்த குறிப்புகள் இன்னொரு செல்வம். இத்தகைய பட்டியல்கள் ஒரு செடியோ பறவையோ இந்த ஊரில் இருந்தது என்பதற்குச் சான்று. ஆனால் நகரத் திட்டமிடும் அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு. இந்தத் தெருவை ஒட்டிய இந்த நிலத்தில் இந்தக் கட்டடம் வந்தால் எது போகும், எவ்வளவு போகும், போனது திரும்புமா என்று அங்கே கேட்கிறார்கள். பல வேளைகளில் கேட்காமலேயே கோப்பை நகர்த்துகிறார்கள். ஊர் முழுவதற்குமான பட்டியலைக் கொண்டு ஒரு புல எண்ணைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல முடியாது. தாவரவியலாளரின் உழைப்புக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டுக்கும் நடுவே கிடக்கும் இந்த இடைவெளியில்தான் நகரத்து நீர்நிலைகள் பல காணாமல் போயின.

பள்ளிக்கரணையின் கதையை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்ததாகக் கணக்கிடப்படும் நிலம் அது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிறைந்து வழியும் நீர் அங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. உழவுக்கு உதவாது, வீடு கட்டவும் உதவாது என்பதால் அது அரசுப் பதிவேட்டில் பயனற்ற நிலமாகவே இருந்தது. பயனற்றது என்று எழுதிவைத்த நிலத்துக்கு நகரம் ஒவ்வொன்றாகப் பயன் கண்டுபிடித்தது. பெருங்குடியில் குப்பைக்கிடங்கு வந்தது, கழிவுநீர் வந்தது, சாலைகள் குறுக்கே சென்றன, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. கடலையும் காற்றையும் ஆராயும் தேசிய நிறுவனங்களின் வளாகங்களும் அந்தச் சதுப்பிலேயே கட்டப்பட்டன என்பதை நாம் மறைக்கக் கூடாது. அறிவியல் நிறுவனங்களுக்கு நிலம் ஒதுக்கியபோதுகூட அந்த நிலத்தைப் பற்றிய அறிவியலை யாரும் கேட்டுப் பெறவில்லை. கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு வரைபடமாக எதுவும் அணியமாக இருந்திருக்காது.

அந்தப் போக்கு மாறத் தொடங்கியதற்கு முதன்மைக் காரணம் ஆய்வுதான். 2000-களின் தொடக்கத்தில் கேர் எர்த் அமைப்பு சதுப்பின் தாவரங்கள், மீன்கள், தவளைகள், பறவைகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்ததோடு நிற்காமல், நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைபடுகிறது, எவ்வளவு பரப்பு எஞ்சியிருக்கிறது என்பதையும் வரைந்தது. இத்தகைய ஆய்வும், குடியிருப்போரின் போராட்டமும், நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்தே 2007-இல் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்படும் நிலையைக் கொண்டுவந்தன. அந்த அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சார் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். உயிரினப் பட்டியலோடு பரப்பும் நீரோட்டமும் சேர்ந்த பிறகே அரசாணை பிறந்தது என்ற வரிசைமுறையை ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டும். அருகிவரும் பறவை இங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால், பறவை பறந்து வேறிடம் போகாதா என்ற பதிலே வந்திருக்கும்.

இருந்தும் வேலை பாதியில் நின்றது. ராம்சார் பட்டியலில் குறிக்கப்பட்டது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். காப்புக்காடாக உள்ள பரப்பு அதைவிட வெகுவாகக் குறைவு. மீதி நிலம் எந்தெந்தப் புல எண்களில் அடங்குகிறது, அவற்றுள் அரசுடையது எது, பட்டா நிலம் எது என்பது தரையில் தெளிவாகக் குறிக்கப்படாமலேயே இருந்தது. வரைபடத்தில் ஒரு கோடும் பதிவேட்டில் வேறொரு கணக்குமாக இருக்கும் இடத்தில் கட்டுமானம் நுழைவது எளிது. பின்னால் வழக்கு நடத்துவது கடினம். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தாக்கப் பகுதி என்ற கருத்தைத் தருகின்றன. ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்பில் எந்தப் பகுதியில் நடக்கும் வேலைகள் அந்த ஈரநிலத்தைக் கெடுக்குமோ அதுவே தாக்கப் பகுதி. இதை ஒரு கிலோமீட்டர் வட்டமாகப் போட்டுவிட முடியாது. அந்த ஒரு கிலோமீட்டர் இடைக்கால ஏற்பாடு. அவசரத்துக்கு அது சரி. நீரின் போக்கு வட்டத்தைப் பார்த்து ஓடுவதில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு போக்குக்கால்வாயை அடைத்தால் சதுப்பு வறளலாம். கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தொலைவில் உள்ள ஒரு மேட்டில் கட்டினால் பெரிய மாற்றம் வராமலும் போகலாம். எந்தக் கால்வாய், எந்த மேடு என்று சொல்ல நில உயர அளவீடு வேண்டும், பருவமழை நாட்களின் நீர்மட்டம் வேண்டும், கால்வாய்களின் அகலமும் ஆழமும் வேண்டும். பல்லுயிர் ஆய்வு என்றதும் இருகண்ணோக்கியோடு நிற்பவரையே நாம் நினைக்கிறோம். பள்ளிக்கரணையில் பறவையைக் காப்பாற்றப் போவது நிலமட்டம் அளக்கும் கருவியோடு நிற்பவரும்தான்.

சதுப்பின் ஆழம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஆய்வு செய்யாமல் எடுக்கும் முடிவு நல்லெண்ணத்தோடு எடுத்ததாக இருந்தாலும் எப்படித் திசை தவறும் என்பதை இது காட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை வட்டாரம் மூழ்கியது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழும் கோரிக்கை, சதுப்பைத் தூர்வாரி ஆழப்படுத்த வேண்டும் என்பது. மக்கள் பட்ட துன்பத்தைப் பார்த்தால் அந்தக் கோரிக்கையைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அங்கு வரும் பறவைகள் ஆழத்தைப் பங்கு போட்டு வாழ்பவை. கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி போன்ற சிறிய பறவைகள் ஈரச் சேற்றிலும், சில சென்டிமீட்டர் நீரிலும்தான் இரை தேட முடியும். நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடச் சற்று ஆழம் போதும். பூநாரை இன்னும் ஆழத்தில் நடந்து நீரைச் சலித்து உண்ணும். நீளவால் இலைக்கோழிக்கு மிதக்கும் இலைகள் வேண்டும். அவற்றின் மேல்தான் அது கூடு வைக்கிறது. ஒரே சீராக இரண்டு மீட்டர் தோண்டிவிட்டால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அங்கே கால் ஊன்ற இடம் இராது. நீர்க்காகங்களுக்கும் முக்குளிப்பவற்றுக்கும் மட்டுமே அது ஏற்றதாக இருக்கும். சரி, வெள்ளமாவது குறையுமா? நீர் வெளியேறும் வாயின் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டும் பள்ளம் மழை தொடங்கும் முன்பே நிறைந்து கிடந்தால், வெள்ள நீருக்கு அது தரும் புதிய இடம் ஒன்றுமில்லை. வெள்ளத்தைத் தாங்குவது, பருவமழை தொடங்கும் நாளில் நிற்கும் நீருக்கு மேலே காலியாக இருக்கும் கொள்ளளவும், பரப்பும், ஒக்கியம் மடுவு எவ்வளவு விரைவாக நீரை வெளியேற்றுகிறது என்பதும், அந்நேரம் கடலில் ஓதம் ஏறியிருக்கிறதா என்பதுமே. கழிவுநீர் ஆண்டு முழுவதும் வந்து நிரப்பும் சதுப்பில் அந்தக் காலி இடம் சுருங்குகிறது. ஆகவே கழிவுநீரைத் திருப்புவதும், மடுவின் அடைப்பை நீக்குவதும், பரப்பை மீட்பதும் வெள்ளத்துக்கும் மருந்து, உள்ளானுக்கும் மருந்து. பொறியாளரும் பறவையியலாளரும் எதிரெதிரே நிற்பதாக நாம் நினைக்கும் இடத்தில், இருவர் அளவீடுகளையும் ஒரே வரைபடத்தில் இட்டால் இருவரும் ஒரே கோரிக்கையை வைப்பது தெரியவரும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப அளப்பதன் பயன். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரைகளில் சென்னைக் கடற்கரையும் ஒன்று. 1970-களில் இங்கே தொடங்கிய ஆமை நடை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினரால் ஆண்டுதோறும் தொடர்கிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதை ஒரு தொண்டாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். எத்தனை கூடுகள், எந்த நாள், எந்த இடம், கரை ஒதுங்கிய இறந்த ஆமைகள் எத்தனை என்ற குறிப்பு அதனுள் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அது வழக்கமான எண்ணிக்கை இல்லை என்று உடனே உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவே காரணம். ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய பதிவு இல்லாத ஊரில் அதே சாவு ஒரு நாள் செய்தியாக முடிந்திருக்கும். இங்கோ இழுவைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் வருவதைத் தடுக்கும் விதி, ஆமை தப்பிச் செல்லும் கருவி பொருத்திய வலை ஆகியவை பற்றிய கேள்விகளாக அது மாறியது. குஞ்சுகளின் இன்னொரு பகை கரையோர விளக்கு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கிச் செல்லும். நகரத்தில் வெளிச்சம் சாலைப் பக்கம் இருக்கிறது. இது தெரிந்ததால்தான் எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த விளக்கை அணைக்க வேண்டும் என்று கேட்க முடிந்தது. மாநகராட்சியும் பொரிக்கும் பருவத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்க இசைந்தது. ஒளி மாசு கூடாது என்ற பொது வேண்டுகோளுக்கு எந்த அதிகாரியும் கையெழுத்திட முடியாது. ஒரு மின்கம்பத்தைக் காட்டி, நேரத்தைச் சொன்னால் முடியும்.

இவ்வளவு பதிவையும் தன்னார்வலர்கள் சேர்க்கிறார்களே, அது நம்பத்தக்கதா என்று கல்லூரிகளில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஐயம். பறவை பார்ப்பவர் அழகான ஏரிக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை போவார், அரிய பறவையை எழுதுவார், காக்கையை விட்டுவிடுவார். இந்தச் சாய்வுகளை மறுக்கத் தேவையில்லை. அவற்றை அளக்கவும் குறைக்கவும் வழி இருக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு, எத்தனை பேர் என்பதையும் பார்த்த எல்லாப் பறவைகளையும் குறிக்கச் சொல்வது ஒரு வழி. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சலிப்பூட்டும் கட்டத்துக்கும் ஆள் அனுப்புவது இன்னொரு வழி. மைசூரு நகரத்துக்கும், பிறகு 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதற்கும் தயாரான பறவை வரைபடத் தொகுப்புகள் தன்னார்வலர்களை நம்பி இந்த இரண்டாம் வழியில் செய்யப்பட்டவை. நாடு முழுவதுமுள்ள பறவை ஆர்வலர்களின் குறிப்புகளிலிருந்து 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவியைப் பற்றி நாம் எல்லோரும் ஒப்பித்துவந்த கதையைத் திருத்தியது. நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே காரணம் என்பதற்குச் சான்று இல்லை. இது வெறும் தகவல் திருத்தம் இல்லை. கோபுரத்தை எதிரியாக வைத்திருக்கும் வரை குஞ்சுகளுக்கு ஊட்டும் புழு பூச்சி எங்கே போயின, கூடு வைக்கும் ஓட்டுக்கூரை இடுக்கும் சுவர்ப்பொந்தும் எங்கே போயின, தெருவோரப் புல்லையும் புதரையும் யார் மழித்தது என்ற கேள்விகளை நாம் கேட்கவே இல்லை. தவறான காரணத்தோடு நடத்தும் போராட்டம் நல்ல மனிதர்களின் ஆண்டுகளை விழுங்கிவிடும். அதைத் தடுப்பதும் ஆய்வின் கடமை.

மரம் நடுவதிலும் இதே நிலை. நகரத்தில் இயற்கை என்றால் மரம் என்று முடிவு செய்துவிட்டோம். மரத்தின் பயனில் ஐயம் இல்லை. பெங்களூருவில் ஹரிணி நாகேந்திராவும் உடன் ஆய்வாளர்களும் அளந்தபோது, மரம் உள்ள சாலையில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையிலும், சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரையிலும் குறைந்திருந்தது. வெயிலில் நடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. ஆனால் எந்த மரம், எந்த இடம் என்ற கேள்வி உடனே வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விழுந்தவற்றுள் விரைவாக வளரும் என்று சாலையோரம் வைத்த அயல்நாட்டு மரங்கள் மிகுதி. நடைபாதைக் கற்களுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே வேர் பரவ இடமில்லாத மரம் எந்த நாட்டைச் சேர்ந்ததாயினும் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் இனம், வயது, வேர்க்குழியின் அகலம், அருகில் தோண்டிய பள்ளம் ஆகியவற்றைக் குறித்திருந்தால் அடுத்த புயலுக்கு முன் எதை நடலாம், எப்படி நடலாம் என்று வார்டு வாரியாகச் சொல்லியிருக்கலாம். மரம் நடவே கூடாத இடமும் நகரத்தில் உண்டு. சற்றேறக்குறைய 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில் டி. ஆர். சங்கர் ராமன், ஆர். கே. ஜி. மேனன், ஆர். சுகுமார் ஆகியோர் 1990-களில் வெளியிட்ட ஆய்வு, புள்ளிமானும் வெளிமானும் ஒரே பூங்காவை வெவ்வேறாகப் பயன்படுத்துவதைக் காட்டியது. வெளிமான் திறந்த புல்தரையை நம்பி வாழ்வது. போலோ மைதானம் எனப்படும் வெளி அதற்கு உயிர்நாடி. அந்த வெளியில் பசுமையைப் பெருக்குகிறோம் என்று மரக்கன்று வைத்தால் வெளிமானை வெளியேற்றியவர்கள் ஆவோம். சதுப்பின் ஓரத்துக்கும் ஏரிக்கரைப் புல்வெளிக்கும் இது பொருந்தும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இருக்க, நகரத்தின் எச்சங்களுக்கு ஏன் பணமும் ஆளும் செலவிட வேண்டும் என்பது. மலைக்குச் செய்ய வேண்டியதைக் குறைக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் மலைக்காடு கடற்கரைச் சமவெளியின் உயிர்களைக் காக்காது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் கரைப்பறவைக்கு ஆனைமலையில் இடமில்லை. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் கிண்டியில் நிற்கிறது. சமவெளியும் முகத்துவாரமும் இருக்கும் இடத்தில்தான் துறைமுகமும் நகரமும் வந்தன. ஆகவே இந்த வாழிடங்களின் விதி நகரத்தின் கையில் இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கடுமையானது, நான் மதிப்பதும்கூட. போதும் ஆய்வு, குழு அமைப்பதும் அறிக்கை கேட்பதும் காலம் கடத்தும் தந்திரம், ஏரி நம் கண்முன் நிரம்பிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள் களத்தில் நிற்பவர்கள். அவர்கள் சொல்வது பல இடங்களில் உண்மை. கட்டுமானம் ஒரு பக்கம் தொடர, ஆய்வு இன்னொரு பக்கம் நடந்தால், அது அழிவைப் படம்பிடிக்கும் ஆய்வு. அதனால்தான் பள்ளிக்கரணை ஆணையின் வடிவம் முக்கியமானது: முதலில் நிறுத்தம், பிறகு அளவீடு, அதன் பிறகு முடிவு. ஐயம் இருக்கும்போது நிலத்தைத் தொடாதே என்ற முன்னெச்சரிக்கை விதியும் ஆய்வும் ஒன்றுக்கொன்று துணை. ஆய்வு இல்லாத தடை நெடுநாள் நீடிக்காது. வீடு வாங்கியவர்களின் துயரமே ஒரு நாள் அதை உடைத்துவிடும். செயலையும் ஆய்வையும் ஒன்றாக நடத்தும் வழியும் உண்டு. ஆகாயத்தாமரையை அகற்றும்போது சதுப்பின் ஒரு பகுதியில் அகற்றி, ஒத்த இன்னொரு பகுதியில் அகற்றாமல் விட்டு, மீனும் இலைக்கோழியும் என்ன ஆகின்றன என்று பார்த்தால், அடுத்த ஆண்டு எவ்வளவு அகற்றலாம், எந்த மாதத்தில் இயந்திரத்தை இறக்கக் கூடாது என்று தெரிந்துவிடும். பெருங்குடியில் பழைய குப்பையைப் பிரித்து மீட்கும் நிலத்தைப் பூங்காவாக்குவதா, நீர் நிற்க விடுவதா என்பதையும் இப்படிச் சிறு பகுதிகளில் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு என்ற பெயரில் ஏழைகளே முதலில் வெளியேற்றப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. இதை எதிர்வாதம் என்று சொல்வதைவிட எச்சரிக்கை என்று ஏற்கிறேன். ஆற்றங்கரைக் குடிசைவாசிகளை நகரத்தின் நடுவிலிருந்து எடுத்து, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சதுப்பையொட்டிய தாழ்நிலத்தில் குடியேற்றியது அரசேதான். ஆக்கிரமிப்பு என்ற வரைபடத்தில் குடிசை தெரிந்து, மதில் போட்ட வளாகம் தெரியாமல் போனால் அந்த வரைபடம் பொய்யானது. முழுமையான அளவீடு, யார் எவ்வளவு பரப்பை, எந்த ஆணையின் பேரில் வைத்திருக்கிறார்கள் என்பதை வேறுபாடின்றிக் காட்டும். மீன்பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், கீரை பறிப்பவர் ஆகியோர் நீர்மட்டத்தைப் பற்றியும் மீன்வரத்தைப் பற்றியும் அறிந்திருப்பதைப் பெயரிட்டுப் பதிவு செய்து, அவர்களுக்குரிய நன்மதிப்பைத் தர வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன் கீழ் அமையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதற்காகவே வந்தது. அதைப் படிவம் நிரப்பும் வேலையாக்கிவிட்டால் அந்தச் சட்டத்தின் உயிரே போய்விடும்.

முன்கூட்டியே வரைவது என்றால் என்ன என்பதற்கு பெர்லினைப் பார்க்கலாம். 1961 முதல் சுவரால் சூழப்பட்ட மேற்கு பெர்லினின் தாவரவியலாளர்கள் காடுமலைக்குப் போக இயலாமல், போரில் இடிந்த கட்டடங்களின் கற்குவியல்களிலும் கைவிட்ட ரயில் நிலங்களிலும் முளைத்தவற்றை ஆராயத் தொடங்கினார்கள். ஹெர்பர்ட் சுக்கோப்பும் அவர் மாணவர்களும் தெரு, கல்லறைத் தோட்டம், தொழிற்சாலை முற்றம் என்று நகரம் முழுவதையும் வாழிட வகைகளாக வரைந்தார்கள். அந்த உழைப்பே 1984-இல் நகரத்தின் உயிரினப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடிப்படை ஆனது. பழைய சரக்கு ரயில் நிலையமாக இருந்த 18 ஹெக்டேர் நிலம் ஷோனெபெர்க் தென்புல இயற்கைப் பூங்காவாக 1999-இல் பாதுகாப்புப் பெற்றதும் அதன் தொடர்ச்சி. அதற்கு முன் அங்கே மறுபடி சரக்கு ரயில் நிலையம் அமைக்கும் திட்டம் வந்தபோது, எதிர்த்த குடிமக்களின் கையில் ஆய்வாளர்களின் கணக்கு இருந்தது. நம் நகரத்துக்கு இப்போது அப்படியொரு காலம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. மூன்றாவது திட்டம் 2046 வரை செல்லும். அந்த வரைபடத்தில் ஒரு நிலத்துக்கு ஒரு வண்ணம் தீட்டப்பட்டுவிட்டால் இருபது ஆண்டுகளுக்கு எல்லா வழக்கும் அந்த வண்ணத்தை எதிர்த்தே நடக்க வேண்டும்.

ஆகவே பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இருப்பவர்களிடம் நேரடியான ஒரு கோரிக்கை. ஒவ்வோர் ஆண்டும் விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் துறைகளில் எத்தனையோ மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஒருவர் ஓர் ஏரியில் நான்கு மாதம் பார்த்து எழுதுவார். அடுத்தவர் வேறு ஏரிக்கு, வேறு முறையோடு போவார். இரண்டும் நூலக அலமாரியில் தங்கும். பள்ளிக்கரணைக்கு நீர் தரும் ஏரிகளைச் சுற்றியுள்ள கல்லூரிகள் ஆளுக்கு ஓர் ஏரியை எடுத்துக்கொண்டு, ஆண்டுதோறும் மாணவர் மாறினாலும் முறை மாறாமல் அளக்கலாம். அளக்க வேண்டியவை அதிகம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது ஒருமுறை, கோடையின் முடிவில் ஒருமுறை என மூன்று தடவை: நீர்மட்டம், உப்புத்தன்மை, கரையிலிருந்து உள்நோக்கிப் பத்து இடங்களில் ஆழம், பறவைகளின் எண்ணிக்கை, வரத்துக்கால்வாயும் போக்குக்கால்வாயும் திறந்திருக்கின்றனவா என்பது, கரையை ஒட்டிய புல எண்களில் ஆண்டுக்குள் என்ன மாறியது என்பது. இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், யாரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும். ஒரு பிரதி மாநில ஈரநில ஆணையத்துக்கும், ஒன்று பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும், ஒன்று அந்த ஏரியின் வார்டு உறுப்பினருக்கும் போக வேண்டும். முதல் தொகுப்பை வரும் அக்டோபரிலேயே எடுக்கத் தொடங்கலாம். அதற்கு வேண்டியது ஓர் அளவுகோல், ஓர் உப்புத்தன்மைமானி, இருகண்ணோக்கி, புலப்பட நகல், காலையில் எழுந்து வரும் ஆறு மாணவர்கள்.